மண்ணில் கிடைக்கும் மணிகள்: தேடும் இடமும் விலை பெறும் வழியும்

முதல் மழை பெய்ததும் உழவர் செய்யும் வேலை யாதென்று வினவினால், விதைப்பு என்றே நம் அங்கத்தினர் யாவரும் விடை கூறுவர். ஆந்திர மாநிலத்தின் கர்நூல், அனந்தபூர் மாவட்டங்களில் அம்மழைக்கு வேறொரு வேலையும் உண்டு. மழைநீர் மேல்மண்ணைக் கழுவிச் சென்றபின், ஆணும் பெண்ணும் குழந்தைகளும் குனிந்த தலை நிமிராமல் வயல்களில் நடப்பர். அவர்கள் தேடுவது வைரம். அண்டை மாவட்டங்களிலிருந்தும் கர்நாடகம், தெலங்கானா ஆகிய மாநிலங்களிலிருந்தும் சோற்றுமூட்டையுடன் வந்து நாட்கணக்கில் தங்கித் தேடுவோரும் உளர்.

வைரமும் மாணிக்கமும் அரசர் கருவூலத்திற்கும் பெருஞ்சுரங்கக் கம்பெனிகளுக்குமே உரியவை என்று எண்ணுவோர்க்கு இச்செய்தி வியப்பளிக்கலாம். ஆயின் உலகின் சில இடங்களில் சாதாரண மனிதர், கையில் ஒரு மண்வெட்டியும் சல்லடையும் கொண்டு, விலையுயர்ந்த கற்களை இன்றும் கண்டெடுத்து வருகின்றனர். அவ்விடங்கள் யாவை, அங்குக் கற்கள் வந்த வழி எது, கண்டெடுத்தவனுக்கு அவற்றின்மேல் உரிமை எவ்வளவு, அவன் கைக்கு வரும் விலை எவ்வளவு என்பனவற்றை ஒருங்கே ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவற்றுள் இறுதியில் கூறிய விலை பற்றிய வினாவே நமக்கு முதன்மையானது. நூலும் துணியும் மஞ்சளும் நிலக்கடலையும் விற்கும் நாம் ஒவ்வொரு நாளும் எதிர்கொள்ளும் வினாவும் அதுவே அன்றோ?

கல் நிலத்திற்கு வந்த வழி

வைரம் என்பது தூய கரி. நாம் எரிக்கும் அடுப்புக்கரியும் அதுவும் அடிப்படையில் ஒரே பொருள். பூமியின் மேற்பரப்பிலிருந்து 150 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் கரி அணுக்கள் இறுகி வைரமாகின்றன. அவ்வளவு ஆழத்திலிருந்து அதனை மேலே கொண்டு வந்தவை பண்டைக்காலத்து எரிமலைக் குழம்புகள். அக்குழம்பு மேலெழுந்த வழிகள் இன்று கேரட் கிழங்கின் வடிவில் பாறைக் குழாய்களாக உறைந்து கிடக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரின் பெயரால் அப்பாறையைக் கிம்பர்லைட் என்பர். வைரம் தரும் பாறைக் குழாய்கள் மிகச் சிலவே. குழாய் கிடைத்த இடமெல்லாம் வைரம் கிடைப்பதில்லை.

பல கோடி ஆண்டுகள் வெயிலும் மழையும் தாக்க, இப்பாறைகள் சிதைந்து மண்ணாகின்றன. உள்ளே பொதிந்த வைரமோ எதனாலும் தேயாது. அது மழைநீரில் உருண்டு ஓடைக்கும், ஓடையிலிருந்து ஆற்றிற்கும் செல்கிறது. மாணிக்கம், நீலம், புஷ்பராகம் முதலிய ஏனைய கற்களும் தாம் பிறந்த பாறை சிதைந்தபின் இவ்வாறே பயணம் செய்கின்றன.

இங்குக் கவனிக்க வேண்டியது எடை. ஒரு கன சென்டிமீட்டர் வெண்கல்லின் எடை ஏறத்தாழ 2.65 கிராம். வைரம் 3.5 கிராம். மாணிக்கமும் நீலமும் 4 கிராம். நீரோட்டம் வேகங்குன்றும் இடத்தில் கனமானவை முதலில் அடியில் தங்கும்; இலேசானவை மேலும் ஓடும். முறத்தில் புடைக்கும்போது கல் ஒருபுறமும் பதர் மறுபுறமும் பிரிவது போன்றதே இஃது. ஆகையால் ஆற்றின் உள்வளைவு, பெரும்பாறையின் பின்புறம், பழைய ஆற்றுப்படுகையின் அடியிலுள்ள கூழாங்கல் அடுக்கு ஆகியனவே மணி தேடுவோர் கண் வைக்கும் இடங்கள். மணி தேடும் கலை முழுவதும் இந்த ஒரு விதியின்மேல் நிற்கிறது எனலாம்.

இராயலசீமை வயல்கள்

அனந்தபூர் மாவட்டத்து வஜ்ரகரூரின் பெயரிலேயே வைரம் அமைந்துள்ளது. அவ்வூரைச் சுற்றிலும் கிம்பர்லைட் குழாய்கள் பல உள்ளன. கர்நூல் மாவட்டத்தில் ஜொன்னகிரி, துக்கலி, மத்திகெரா ஆகிய ஊர்களின் வயல்களும் வைரத்திற்குப் பெயர் பெற்றவை. இங்கே தேடுவோர் ஆழத் தோண்டுவதில்லை. மழை கழுவிய நிலத்தில், காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயிலில் பளிச்சிடும் கல்லைக் கண்ணால் தேடுவதே வழக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஓர் உழவர்க்கோ கூலியாளர்க்கோ பல இலட்ச ரூபாய் பெறுமதியுள்ள கல் கிடைத்ததென்று நாளிதழ்களில் செய்தி வருகிறது. அச்செய்தியைப் படித்தவர் மறுநாளே புறப்பட்டு வருகின்றனர். ஒன்றும் கிடைக்காமல் திரும்பியவரைப் பற்றிச் செய்தி வருவதில்லை. மேலும் விதைத்த வயலில் பலர் இறங்கி மிதிப்பதால் முளைத்த பயிர் கெடுகிறதென்று நிலவுடைமையாளர் வருந்துகின்றனர்; உள்ளே வரலாகாதென்று தடுப்போரும் உளர். நிலக்கடலை விதைப்பதற்கும் வைரம் தேடுவதற்கும் ஒரே மழைதான். ஒருவர் தேடலில் ஈடுபட்ட நாள், பிறிதொருவரின் பயிர் நாள் என்பதை மறத்தலாகாது.

இங்கு விற்பனை நடைபெறும் முறை யாது? ஏலமில்லை, எடைச்சீட்டு இல்லை. கல் கிடைத்த செய்தி பரவியதும் உள்ளூர்த் தரகர் வந்து விடுகின்றனர். விற்பவர் அஞ்சி விற்கிறார். வாங்குபவர் அறிந்து வாங்குகிறார். கல்லின் எடையோ தரமோ விற்பவர்க்குத் தெரியாது. பேரம் இரகசியமாக முடிவதால், உண்மை விலை இன்னதென்று பிறர் அறிய வழியுமில்லை.

பன்னாவில் அரசாங்க ஏலம்

இதற்கு மாறான ஏற்பாடு ஒன்று மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் நடந்து வருகிறது. அங்கே மஜ்கவான் என்னுமிடத்தில் பொதுத்துறை நிறுவனம் நடத்தும் பெரிய சுரங்கம் ஒன்றுண்டு. அதனின் வேறாக, எளிய மக்கள் தோண்டுவதற்கென்றே அரசாங்கம் சிறு நிலத்துண்டுகளைக் குத்தகைக்கு அளிக்கிறது. துண்டின் அளவு 8 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். நம் ஊர்க் கணக்கில் ஒன்றரை சென்டிற்குச் சற்றே மிகுதி. அண்மை ஆண்டுகளில் இதற்குரிய கட்டணம் 200 ரூபாயாக இருந்து வந்துள்ளது.

குத்தகை பெற்றவர் மேல்மண்ணை அகற்றி, அடியிலுள்ள கூழாங்கல் அடுக்கை வெட்டி எடுத்து, நீரில் அலசிச் சேற்றைப் போக்கி, வெயிலில் உலர்த்திப் பரப்பி, கையாலேயே ஒவ்வொரு கல்லாகப் பார்த்துப் பொறுக்குகிறார். பெரும்பாலும் குடும்பத்தினர் அனைவரும் உழைக்கின்றனர். கிடைத்த வைரத்தைப் பன்னாவிலுள்ள வைர அலுவலகத்தில் ஒப்படைத்தல் வேண்டும். அங்குள்ள மதிப்பீட்டாளர் எடையிட்டுத் தரம் பார்த்துச் சீட்டு அளிக்கிறார். பின்னர் அக்கற்கள் பொது ஏலத்திற்கு வருகின்றன. வெளியூர் வணிகரும் வந்து ஏலம் கேட்கின்றனர். அரசின் பங்கும் வரியுமாக ஏறத்தாழ 12 விழுக்காடு கழித்து, எஞ்சிய தொகை முழுதும் கண்டெடுத்தவர்க்கே அளிக்கப்படுகிறது.

2018-ஆம் ஆண்டில் கூலித் தொழிலாளி ஒருவர் 42.59 காரட் எடையுள்ள வைரத்தை இவ்வாறு கண்டெடுத்தார். காரட் ஒன்றிற்கு 6 இலட்ச ரூபாய் வீதம், மொத்தம் 2 கோடியே 55 இலட்ச ரூபாய்க்கு அஃது ஏலம் போயிற்று. காரட் என்பது ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே அக்கல்லின் எடை எட்டரை கிராம் அளவே! அதே கல்லை அவர் இருளில் ஒரு தரகரிடம் கொடுத்திருந்தால் எவ்வளவு பெற்றிருப்பார் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வேற்பாட்டிலும் குறையில்லாமல் இல்லை. ஏலம் வரும் வரை காத்திருக்க வேண்டும். ஓர் ஏலத்தில் விலை போகாத கல் அடுத்த ஏலத்திற்குச் செல்லும். வயிற்றுப் பசி காத்திராது. அதனாலேயே சிலர் மறைவில் விற்றுவிடுகின்றனர். தோண்டியவர்களுள் பெரும்பாலோர் குத்தகைக் காலம் முடியும் வரை உழைத்தும் ஒன்றும் காணாமல் போவதும் உண்மையே.

உழுத வயலைப் பூங்காவாக்கிய அமெரிக்கர்

அமெரிக்காவின் அர்க்கன்சா மாநிலத்தில் மர்பிரீஸ்பரோ என்னும் சிற்றூர் உள்ளது. 1906-ஆம் ஆண்டில் அங்கே ஜான் ஹடில்ஸ்டன் என்னும் உழவர் தம் நிலத்தில் இரண்டு கற்களைக் கண்டார். அவை வைரம் என்று தெளிந்ததும், 243 ஏக்கர் கொண்ட அப்பண்ணையை முதலீட்டாளர் சிலர் 36,000 டாலருக்கு வாங்கினர். பின்னர்ப் பல கம்பெனிகள் மாறி மாறி அங்கே சுரங்கத் தொழில் நடத்த முயன்றும் நிலையான இலாபம் காணவில்லை. ஐக்கிய அமெரிக்க நாடுகளிலேயே மிகப் பெரிய வைரமான 40.23 காரட் கல் 1924-இல் இங்கேதான் கிடைத்தது. அவ்வாறிருந்தும் தொழில் நிலைக்கவில்லை.

1972-இல் மாநில அரசு அந்நிலத்தை வாங்கிப் பொதுப் பூங்காவாக்கிற்று. 37 ஏக்கர் நிலத்தை அவ்வப்போது உழுது விடுகின்றனர். நுழைவுக் கட்டணம் செலுத்திய எவரும் உள்ளே சென்று தேடலாம். கிடைத்தது கிடைத்தவர்க்கே சொந்தம். மண்வெட்டி, வாளி, சல்லடை முதலியன கொண்டு செல்லலாம். எந்திர விசையால் இயங்கும் கருவிகளுக்கு மட்டும் இடமில்லை. மழை பெய்த மறுநாளே அங்கும் சிறந்த நாள். 1972 முதல் இதுவரை 35,000-க்கும் மேற்பட்ட வைரங்கள் கிடைத்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தீக்குச்சித் தலையளவே இருக்கும். கிடைத்த கல் வைரமா அன்றா என்பதைப் பூங்கா அலுவலர் கட்டணமின்றிச் சோதித்து, எடையிட்டுச் சான்றிதழும் அளிப்பர். விலை மட்டும் கூறமாட்டார்.

இங்கு வருவோர் பிழைப்பு நாடி வருபவரல்லர். விடுமுறை நாளில் பொழுதுபோக்காக வருபவர். கிடைத்தால் மகிழ்ச்சி, கிடைக்காவிடினும் இழப்பில்லை. மணி தேடுவதைப் பொழுதுபோக்காகக் கொள்வதற்கும் பிழைப்பாகக் கொள்வதற்கும் உள்ள வேறுபாடு இதனால் விளங்கும்.

நம் கொங்கு மண்ணின் கற்கள்

வைரம் ஒருபுறம் இருக்க, நிறக்கற்களைப் பொறுத்தவரை நம் நாடும் குறைந்ததன்று. திருப்பூர் மாவட்டம் காங்கேயம் வட்டாரம் தொடங்கிக் கரூர் வரை நீண்ட நிலப்பகுதி பழமையான மணிக்கல் நிலம். படியூரில் கடல்நீர் நிறக் கற்கள் கிடைத்தன. வணிகர் இதனை அக்குவாமரின் என்பர். சிவன்மலைச் சுற்றுப்புறத்தில் குருந்தக்கல் உண்டு. மாணிக்கமும் நீலமும் குருந்தக்கல்லின் வகைகளே. நிறமும் தெளிவும் வாய்த்தால் மணி, இல்லையேல் அரத்தூளுக்கும் சாணைக்கும் உதவும் கல். ஆங்கிலத்தில் இக்கல்லுக்கு வழங்கும் கொரண்டம் என்னும் பெயர் நம் மொழியின் குருந்தம் என்னும் சொல்லிலிருந்து சென்றதே என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. சந்திரகாந்தக் கல்லும் செவ்வந்திக் கல்லும் இந்நிலப்பகுதியில் காணப்படுகின்றன.

சென்னிமலை நெசவாளர்க்கு அணித்தேயுள்ள கொடுமணல் என்னும் ஊர் நொய்யலாற்றங்கரையில் அமைந்தது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று கூறப்படும் ஊர் இதுவே என்பது அறிஞர் கொள்கை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் இங்கு அகழாய்வு செய்து, கல்மணிகள் அறுத்துத் துளையிட்ட தொழிற்கூடங்களின் எச்சங்களை வெளிப்படுத்தினர். முற்றுப்பெற்ற மணிகளோடு, பாதி வேலையில் நின்ற மணிகளும், துளையிடும்போது உடைந்த மணிகளும் அங்குக் கிடைத்தன. கல்லைப் பொறுக்கியதோடு நில்லாமல், அதனை அறுத்து, மெருகிட்டு, துளையிட்டு, மணியாக்கி விற்றனர் நம் முன்னோர். இந்நாட்டுக் கடல்நீர் நிறக் கற்களின் இனத்தை உரோமர் பெரிதும் விரும்பினர். அவை பெரும்பாலும் இந்தியாவிலேயே கிடைப்பன என்று முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் உரோமானிய அறிஞர் எழுதியுள்ளார். பஞ்சை விற்பதைவிட நூலை விற்பது நன்று, நூலை விற்பதைவிடத் துணியை விற்பது நன்று என்பதை நெசவாளராகிய நாம் அறிவோம். அவ்வுண்மையைக் கொடுமணலார் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே கல்லில் கண்டனர்.

இன்று இவ்வட்டாரத்தில் கிணறு வெட்டும்போதும் வரப்பு வெட்டும்போதும் நிறக்கற்கள் வெளிப்படுதல் உண்டு. அவ்வாறு கிடைப்பவற்றுள் மணியாகத் தக்கது மிகச் சிறு பங்கே.

இரத்தினபுரியில் பங்கு முறை

நிறக்கல்லுக்கு உலகப் புகழ் பெற்ற இடம் இலங்கையின் சபரகமுவ மாகாணத்து இரத்தினபுரி. அங்கே நெல்வயல்களின் அடியில், சில அடி முதல் பல அடி ஆழத்தில், பழைய ஆறுகள் விட்டுச் சென்ற கூழாங்கல் அடுக்கு உள்ளது. சிங்களத்தில் இதனை இல்லம் என்பர். சதுரக் குழி தோண்டி, மண் சரியாதபடி மரச்சட்டமும் தழையும் கொண்டு பக்கங்களைத் தாங்கி, நீரை இறைத்து, அந்த அடுக்கை மேலே கொண்டு வருகின்றனர். பின்னர்க் கூடையில் இட்டு நீரில் வட்டமாகச் சுழற்ற, இலேசான மண்ணும் கல்லும் வெளியேறிக் கனமான மணிகள் கூடையின் அடியில் தங்குகின்றன. நீலம், மாணிக்கம், புஷ்பராகம், வைடூரியம் முதலியன அங்குக் கிடைக்கும்.

அங்குள்ள தொழில் முறையே நமக்குப் பாடமாவது. நிலத்துக்குரியவர், உரிமம் பெற்றவர், நீர் இறைக்கும் எந்திரத்திற்கும் உணவிற்கும் செலவு செய்தவர், குழியில் இறங்கி உழைத்தவர் ஆகிய ஒவ்வொருவர்க்கும் கிடைத்த கல்லின் விலையில் பங்குண்டு. கல் கிடைக்காத காலத்தில் இழப்பும் பகிரப்படுகிறது. அரசாங்கத்தின் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் உரிமம் இன்றித் தோண்டலாகாது. தோண்டிய குழியை மீண்டும் மூட வேண்டுமென்பதும் விதி. வயல் மீண்டும் வயலாதல் வேண்டுமன்றோ!

கல்லை அறியும் முறை

அங்கத்தினர் எவர்க்கேனும் ஐயத்திற்குரிய கல் கிடைத்தால், பின்வருவனவற்றை நினைவிற் கொள்ளுதல் நலம்.

முதலாவது, வடிவம். நிலத்திலிருந்து எடுத்த வைரம் கடையில் காணும் வைரத்தைப் போல் ஒளிவீசாது. இரண்டு கூம்புகளை அடியோடு அடி சேர்த்தாற் போன்ற எட்டு முக வடிவும், எண்ணெய் பூசியது போன்ற மங்கிய பளபளப்பும் உடையதாய் இருக்கும். குருந்தக்கல் ஆறு பக்கமுடைய பீப்பாய் போல் நடுவில் பருத்திருக்கும். கடல்நீர் நிறக் கல்லும் படிகக்கல்லும் ஆறு பக்கத் தூண் போன்றவை. படிகக்கல்லின் பக்கங்களில் குறுக்குக் கோடுகள் தெரியும். நுனி கூரையாகக் குவிந்திருக்கும்.

இரண்டாவது, கடினம். கண்ணாடியைக் கீறும் கல்லெல்லாம் வைரம் என்று கருதுவது பெரும் பிழை. சாதாரண வெண்கல்லும் கண்ணாடியைக் கீறும். கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினால் கண்ணாடி ஐந்தரை, வெண்கல் 7, புஷ்பராகம் 8, குருந்தம் 9, வைரம் 10. குருந்தக்கல்லையே கீறுவது வைரம் மட்டுமே எனலாம்.

மூன்றாவது, சுத்தியலால் அடித்துச் சோதிக்கும் வழக்கம். வைரம் உடையாது என்னும் தவறான நம்பிக்கையால் எத்தனையோ நல்ல கற்கள் பாழாயின. கீறலுக்கு அஞ்சாத வைரம் அடிக்கு அஞ்சும், ஓரடியில் பிளந்துவிடும். நெருப்பிலிட்டுப் பார்த்தலும் கூடாது.

நான்காவது, அளவு. பெரியதெல்லாம் விலையுயர்ந்ததன்று. 2021-இல் இரத்தினபுரிப் பகுதியில் கிணறு தோண்டியபோது ஏறத்தாழ 510 கிலோ எடையுள்ள நீலக்கல் திரள் கிடைத்ததென்றும், அதன் விலை பத்துக் கோடி டாலர் வரை ஆகலாமென்றும் செய்தி பரவிற்று. அதன் பெரும்பகுதி நகைக்கேற்ற தரமுடையதன்று என்று வல்லுநர் பின்னர்க் கருத்துரைத்தனர். நிறம், தெளிவு, வெடிப்பின்மை மூன்றும் கூடினாலன்றிக் கல்லுக்கு விலையில்லை. அதே வேளையில், நல்ல கல்லாயின் எடை கூடக் கூட விலை பன்மடங்கு உயரும். ஒரு காரட் கற்கள் இரண்டைவிட, அதே தரத்தில் இரண்டு காரட் கல் ஒன்று மிகுந்த விலை பெறும். ஆகையால் கல்லை உடைத்துப் பங்கிடுதல் அறியாமை.

சட்டம் கூறுவது

நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டப்படி, உரிய குத்தகையோ உரிமமோ இன்றிக் கனிமம் தோண்டுதல் குற்றம். 2015-இல் செய்த திருத்தத்தின்படி ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமுண்டு. தம் சொந்த நிலமாயினும் உரிமம் வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தோடு இணைந்த புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலரிடம் இதுபற்றிய விளக்கம் பெறலாம்.

கொடுமணல் போன்ற தொல்லூர்களில் கிடைக்கும் பழைய மணிகள் வேறு வகையைச் சார்ந்தவை. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதைபொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியர்க்கு எழுத்து மூலம் அறிவித்தல் கடமை. தொல்லூர்களை மணிக்காகத் தோண்டுவது சட்டத்திற்கு மாறானது. அதனால் நம் முன்னோர் வரலாற்றின் சான்றும் அழிகிறது.

விலை யார் கையில்?

கிருஷ்ணை ஆற்றங்கரையில் கொல்லூர் என்னும் புகழ் பெற்ற வைரச் சுரங்கம் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் அங்குச் சென்ற தவர்னியே என்னும் பிரெஞ்சு வணிகர், அறுபதாயிரம் பேர் அங்கு உழைத்ததாக எழுதியுள்ளார். இன்று அவ்விடம் புலிச்சிந்தலை நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது.

அப்பகுதியில் அந்நூற்றாண்டின் இறுதியில் கிடைத்த 410 காரட் கல்லொன்றின் வரலாறு சென்னையோடு தொடர்புடையது. அதனைக் கண்டெடுத்தவன் ஓர் அடிமை என்றும், தன் காலில் புண்ணுண்டாக்கி அதனுள் மறைத்துக் கொண்டு தப்பினான் என்றும், கப்பல் தலைவன் ஒருவன் அவனைக் கொன்று கல்லைக் கவர்ந்தான் என்றும் கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், கண்டெடுத்தவன் பெயர் எங்கும் இல்லை என்பது மெய். அக்கல் வணிகர் ஒருவர் கையில் சேர்ந்து, சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை ஆளுநராயிருந்த தாமஸ் பிட்டிடம் வந்தது. வணிகர் முதலில் கேட்டது 2,00,000 வராகன். நெடுநாள் பேரத்தின்பின் 48,000 வராகனுக்கு, அஃதாவது ஏறத்தாழ 20,400 பவுனுக்கு, 1702 அளவில் பிட் வாங்கினார். அதனை இங்கிலாந்தில் தீட்டுவித்து, 1717-இல் பிரெஞ்சு அரசின் காப்பாளர்க்கு 1,35,000 பவுனுக்கு விற்றார். இன்று அது பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

கல் ஒன்றே. கண்டவன், இடையில் வாங்கியவன், தீட்டி விற்றவன் ஆகிய மூவர் கைக்கும் வந்த பயனோ மலைக்கும் மடுவிற்கும் உள்ள வேறுபாடு கொண்டது. உழைப்பின் அளவிற்கேற்ப இப்பயன் பிரியவில்லை. பொருளின் மதிப்பை அறிந்தவனும், காத்திருக்கும் வசதியுடையவனும், வாங்குவோர் பலரை அணுகக்கூடியவனும் மிகுதி பெற்றான். அறிவும் அவகாசமும் சந்தையும் ஆகிய இம்மூன்றும் தனிமனிதனாகிய ஏழைக்கு இல்லை. அதனாலேயே அவன் ஏமாறுகிறான்.

நம் நிலைமையும் ஒரு காலத்தில் இதுவே. நூலுக்கு வணிகரையும் துணி விற்பனைக்கு அதே வணிகரையும் நம்பிய நெசவாளர், களத்துமேட்டிலேயே மஞ்சளை விற்றுக் கடன் தீர்த்த உழவர் ஆகியோர் பட்ட துன்பத்திலிருந்தே நம் சங்கங்கள் பிறந்தன. எடை, தரம், திறந்த ஏலம், ஏலம் வரும் வரை தாங்கும் முன்பணம் ஆகிய நான்கையும் சங்கம் அளித்தபோதே பொருளுக்கு உரிய விலை வந்தது. பன்னாவின் வைர அலுவலகம் இந்நான்கில் முதல் மூன்றை அளிக்கிறது. நான்காவதாகிய முன்பணம் இல்லாமையாலேயே அங்கும் சிலர் மறைவு விற்பனைக்குச் செல்கின்றனர் என்பதைக் கூட்டுறவாளர் கூர்ந்து நோக்குதல் வேண்டும்.

ஆகவே நம் அங்கத்தினர்க்குக் கூறத்தக்கன இவை. உழும்போதோ கிணறு வெட்டும்போதோ ஐயத்திற்குரிய கல் கிடைத்தால், வீட்டிற்கு வரும் முதல் தரகரிடம் கொடாதீர்கள். அடித்தும் எரித்தும் சோதியாதீர்கள். கல்லைக் கழுவி, தங்கம் நிறுக்கும் தராசில் நிறுத்து, எடையையும் கிடைத்த இடத்தையும் நாளையும் எழுதி வையுங்கள். சங்கச் செயலாளரிடம் தெரிவித்து, அவர் துணையுடன் சுரங்கத் துறை அலுவலரை அணுகுங்கள். சட்டம் இடங்கொடுப்பின், நகைக்கல் சோதனைக்கூடத்தில் சான்று பெற்று, ஒருவர்க்கு மேற்பட்டோரிடம் விலை கேட்டு, கையில் ரசீதுடன் விற்றல் தகும். வயலில் கிடைத்த வைரமென்று கூறி மெருகிட்ட கண்ணாடியைக் குறைந்த விலைக்குத் தருவாரிடமும் எச்சரிக்கை தேவை.

இறுதியாக ஒன்று. கல் தேடுதல் ஓய்வுநாளுக்கு இனிய பொழுதுபோக்கு. மண்ணையும் பாறையையும் ஆற்றின் போக்கையும் அறிய அஃது ஒரு நல்ல பள்ளியும் ஆகும். பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று கூழாங்கற்களின் வகைகளைக் காட்டுங்கள்; அதற்கு உரிமம் வேண்டா, செலவும் இல்லை. ஆயின் விதைக்கும் மழையை விட்டுவிட்டுக் கல் தேடச் செல்லாதீர்கள். நூறு பேர் தேடி ஒருவர்க்குக் கிடைப்பது மணி. நூறு பேர் விதைத்து நூறு வீட்டிற்கும் வருவது தானியம். இரண்டும் உரிய விலை பெறுவதற்கு வழி ஒன்றே: தனித்து நில்லாமல் சேர்ந்து நிற்றல்.